இரண்டு டயோடு போதாது

சிறு மின்னணுக் கருவிகளுக்கு மாற்று மின்சாரம் கொடுப்பது பற்றி நம்மிடையே ஒரு கருத்தைக் கேள்வி கேட்க ஆளில்லை. அடாப்டரின் நேர்முனையில் ஒரு டயோடு, பேட்டரியின் நேர்முனையில் ஒரு டயோடு. இரண்டின் மறுமுனைகளையும் சேர்த்துக் கருவிக்குக் கொடுத்துவிட்டால், கரண்ட் போனதும் பேட்டரி தானாக ஏற்றுக்கொள்ளும் என்பது அது. பாலிடெக்னிக் மாணவர் இதைத்தான் வரைகிறார். பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையிலும் இதே படம் வருகிறது. உதிரிபாகக் கடைக்காரரும் "ரெண்டு டயோடு போதும் தம்பி" என்றுதான் சொல்லி அனுப்புகிறார். இந்தக் கருத்து தவறானது. ஆய்வக மேசையில் ஜெயித்துவிட்டு வயலில் தோற்கிற தவறு என்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. தருமபுரி மாவட்டத்தில் அதற்கான விலையைக் கொடுப்பவர் படம் வரைந்த மாணவர் இல்லை, கருவியை நம்பித் தூங்கப்போன விவசாயி.

தருமபுரியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது பட்டுக்கூடு விளைகிற மாவட்டம். நகரில் அரசுப் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கம் போனால் மல்பெரித் தோட்டமும் அதை ஒட்டிய புழு வளர்ப்பு மனையும் சாதாரணக் காட்சி. பட்டுப்புழு வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்து வாழ்கிற உயிர். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வெப்பமும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் வேண்டும். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 சதவீதத்தை ஒட்டிய ஈரமும் போதும். இந்த அளவு தொடர்ந்து பிசகினால் பால்புழு நோய், சுண்ணாம்புக்கட்டி நோய் என்று ஒரு தொகுதியே கையைவிட்டுப் போகும். ஆகவே மனைக்குள் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவி வைப்பது நல்ல யோசனை. நம் மாணவர்கள் பலர் அதைச் செய்தும் தருகிறார்கள். ஓர் இஎஸ்பி32 போர்டு, வெப்பமும் ஈரமும் அளக்க ஒரு சென்சார், ஃபாகரையும் எக்ஸாஸ்ட் விசிறியையும் ஓட்ட இரண்டு ரிலே, செய்தி அனுப்ப ஒரு சிம்800எல் மாட்யூல். கரண்ட் இருக்கும்போது கருவி ஃபாகரை ஓட்டும். கரண்ட் போனால் ஃபாகரும் விசிறியும் நின்றுவிடும். அப்போது கருவி செய்ய வேண்டியது ஒரே வேலை, உரிமையாளரின் போனுக்குச் செய்தி அனுப்பி எழுப்புவது. அந்த ஒரு வேலைக்காகத்தான் பேட்டரியே வைக்கிறோம். இரண்டு டயோடு போட்ட கருவி சரியாக அந்த நேரத்தில் கைவிடுகிறது.

முதலில் அடிப்படைத் தவறைச் சொல்கிறேன். இரண்டு டயோடு சேர்ந்தால் அங்கே நடப்பது வோல்டேஜ் போட்டி. எந்தப் பக்கம் வோல்டேஜ் கூடுதலோ அந்தப் பக்கத்து டயோடு கடத்தும். அடாப்டர் முதன்மை, பேட்டரி மாற்று என்ற நம் எண்ணம் டயோடுக்குத் தெரியாது. மாணவர்கள் பெரும்பாலும் 9 வோல்ட் அடாப்டரையும் கடையில் கிடைக்கிற 9 வோல்ட் சதுர பேட்டரியையும் இப்படிச் சேர்க்கிறார்கள். புது பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள், 9.5 வோல்ட் காட்டும். அடாப்டர் 9 வோல்ட்தான் தருகிறது என்றால் சுமையைத் தாங்குவது யார்? கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். அடாப்டரின் அளவுக்கு அது இறங்கிய பிறகுதான் அடாப்டர் வேலையைத் தொடங்கும். செயல்விளக்கம் நடக்கிற பத்து நிமிடத்தில் இது வெளியே தெரியாது. பிளக்கைப் பிடுங்கினால் கருவி ஓடுகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

வயலில் இதன் பெரிய வடிவம் இருக்கிறது. மனையின் கூரையில் சின்ன சோலார் பேனல், அதில் சார்ஜ் ஆகிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி, பக்கத்தில் 12 வோல்ட் அடாப்டர், நடுவில் இரண்டு டயோடு. நிறைந்த லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டும். பொழுது சாய்ந்து பேனல் நின்றதும், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருவி பேட்டரியைத்தான் குடிக்கும். 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது அந்தப் பேட்டரியில் மிச்சம் இருப்பது ஏறக்குறைய கால் பங்குதான். அதற்கப்புறம்தான் அடாப்டர் ஏற்றுக்கொள்ளும். பின்னிரவில் உண்மையாகவே கரண்ட் போகும்போது, அந்த நேரத்துக்கென்றே வாங்கி வைத்த பேட்டரி முக்கால்வாசி காலியாகியிருக்கும். இந்தச் சுற்றில் ஒரு பாகம்கூடப் பழுதில்லை. வரைந்தபடியே, சொன்னபடியே வேலை செய்தது. அதனால்தான் இதைச் சாதாரணக் கோளாறு என்று நான் ஏற்க மறுக்கிறேன். கருத்திலேயே பிழை இருக்கிறது.

அடுத்தது டயோடு தின்னும் வோல்டேஜ். சாதாரண 1என்4007 டயோடு கால் ஆம்பியர் மின்னோட்டத்தில் முக்கால் வோல்ட்டை ஒட்டித் தின்றுவிடும். 12 வோல்ட்டில் இது பொருட்டில்லை. நம் சிறு கருவிகளில் இப்போது எல்லோரும் வைப்பது 18650 லித்தியம் செல். நிறைந்தால் 4.2 வோல்ட், பெரும்பாலான நேரம் 3.7ஐ ஒட்டி, தீரும்போது 3. இதில் முக்கால் வோல்ட்டை டயோடுக்குக் கொடுத்தால் மிச்சம் 2.9 அல்லது 3. இஎஸ்பி32 மாட்யூலுக்குக் குறைந்தபட்சம் 3 வோல்ட் வேண்டும். இதோடு முடியவில்லை. கடையில் கிடைக்கிற இஎஸ்பி32 போர்டுகளில் பெரும்பாலானவற்றில் ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் இருக்கிறது, 3.3 வோல்ட் கொடுக்க அதற்கு மேலே இன்னொரு வோல்ட்டாவது வேண்டும். அதாவது உள்ளே 4.3க்கு மேல் வர வேண்டும். முழுதாக நிறைந்த செல்லும் டயோடைத் தாண்டி 3.4 வோல்ட்தான் தரும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. போடாமலேயே சால்டரிங் அயர்னை எடுக்கிறோம்.

"ஷாட்கி டயோடு போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். 1என்5819 போட்டால் இழப்பு பாதியாகக் குறையும், உண்மை. ஆனால் சிம் மாட்யூல் இருக்கிறதே! சிம்800எல் நெட்வொர்க்கைப் பிடிக்கும்போது அரை மில்லிவினாடிக்குச் சற்று மேல் நீடிக்கும் துடிப்புகளில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதன் வோல்டேஜ் 3.4க்குக் கீழே போகக் கூடாது. 3.7 வோல்ட்டில் நிற்கிற செல், 2 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல் தின்கிற ஷாட்கி, மெல்லிய ஒயர், செல்லின் உள்தடை. கூட்டிப் பாருங்கள். செய்தி அனுப்பத் தொடங்கும் கணத்தில் வோல்டேஜ் சரியும், மாட்யூல் அணைந்து மீண்டும் எழும், மறுபடி நெட்வொர்க்கைத் தேடும், மறுபடி சரியும். விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். விடிகிற வரை இதுதான் நடக்கும், ஒரு செய்தியும் போகாது. காலையில் அடாப்டரில் பார்க்கும்போது கருவி நன்றாக ஓடும். "சிம்ல சிக்னல் இல்ல போல" என்று முடித்துவிடுவோம்.

டயோடு வேண்டாம் என்கிற இன்னொரு கூட்டம் ரிலேவைப் பிடித்துக்கொள்கிறது. கரண்ட் இருந்தால் ரிலே இழுத்து அடாப்டர் பக்கம் நிற்கும், போனால் விட்டுப் பேட்டரி பக்கம் போகும். வோல்டேஜ் இழப்பே இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. நீல நிறத்தில் சதுரமாக வருமே, அந்த 5 வோல்ட் ரிலேவின் தகவல் தாளை ஒருமுறை படியுங்கள். இழுப்பதற்கு அதன் அளவில் 75 சதவீதம் வரை வோல்டேஜ் கேட்கும். விடுவதற்கோ, 10 சதவீதத்துக்கு இறங்குவதற்கு முன் விட்டுவிடும் என்பது மட்டும்தான் உறுதி. 5 வோல்ட் ரிலே அரை வோல்ட் வரை பிடித்துக்கொண்டு நின்றாலும் தயாரித்தவரைக் குறை சொல்ல முடியாது. வோல்டேஜ் மெல்ல இறங்குகிற நேரத்தில் கருவி 3 வோல்ட்டிலேயே செத்துவிடும், ரிலே இன்னும் அடாப்டரை விடாமல் பிடித்திருக்கும். பேட்டரி நிறைந்த வயிற்றோடு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். பளிச்சென்று கரண்ட் போனால்கூட ரிலேவின் முள் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் போய்ச் சேரச் சில மில்லிவினாடி ஆகும். பத்து மில்லிவினாடி என்றே வையுங்கள். அந்த இடைவெளியில் கால் ஆம்பியர் இழுக்கிற கருவி அரை வோல்ட்டுக்கு மேல் இறங்காமல் இருக்க 5000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும். நான் பார்க்கிற போர்டுகளில் 100 மைக்ரோஃபாரட் இருந்தாலே அதிகம்.

மெல்ல இறங்குகிற வோல்டேஜ் என்று சொன்னேன். இந்த விவாதத்தின் மையம் அதுதான். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. மின்தடை என்றால் இருக்கும், பிறகு இருக்காது, பிறகு வரும் என்ற சித்திரம் அந்த ஆண்டுகளில் நம் மனதில் பதிந்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்து ஒரு பகல் நிறுத்துகிறார்கள். மற்ற நாட்களில் நீண்ட வெட்டு குறைவு. இதைக் காட்டித்தான், "இப்பல்லாம் கரண்ட் எங்கே போகுது, இதுக்குப்போய் இவ்வளவு யோசிக்கணுமா" என்று கேட்கிறார்கள். நான் எதிர்மாறாகச் சொல்கிறேன். நீண்ட வெட்டைச் சமாளிப்பது எளிது. குட்டி குட்டியான தடுமாற்றங்களைச் சமாளிப்பதுதான் கடினம். ஒரு மணி நேர வெட்டில் சுற்று இரண்டே முறை மாறுகிறது. கோடை மழைக் காற்றில் மரக்கிளை கம்பியை உரசுகிற ஒரு மாலையில் அது எத்தனை முறை மாறும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு ரீசெட்டுக்கான வாய்ப்பு.

கடைக்கோடியில் இருக்கிற மனைகளுக்கு இன்னொன்றும் உண்டு. மும்முனை மின்சாரம் வந்த கணத்தில், ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிய மோட்டார்கள் அந்த லைன் முழுக்க ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும்போது மோட்டார் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். வந்த வோல்டேஜ் உடனே தொய்யும், பிறகு மெல்ல எழும். நல்ல அடாப்டர் 100 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும், அதற்கும் கீழே போனால் அணைந்து அணைந்து எழும். பழைய மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சப்ளையோ மெயின் தொய்கிறபோதே தானும் தொய்யும். ஆகவே கரண்ட் வந்ததும் உடனே பேட்டரியை விட்டு அடாப்டருக்குத் தாவுகிற சுற்று இங்கே தவறான சுற்று. மாறுவதற்கு ஒரு வோல்டேஜ், திரும்புவதற்கு அதைவிட உயர்ந்த வேறொரு வோல்டேஜ், திரும்பும் முன் சில வினாடி காத்திருப்பு. இந்த மூன்றும் வேண்டும். டயோடில் மூன்றும் இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? லித்தியம் செல் வைத்த சிறு கருவிக்கு நான் பரிந்துரைப்பது பி-சேனல் மாஸ்ஃபெட். அடாப்டர் பக்கம் ஒரு ஷாட்கி டயோடு இருக்கட்டும். 5 வோல்ட்டிலிருந்து சிறிது போனாலும் பரவாயில்லை. பேட்டரி பக்கம் டயோடுக்குப் பதில் ஏஓ3401 போன்ற ஒரு மாஸ்ஃபெட். அதன் டிரெயின் பேட்டரிக்கு, சோர்ஸ் கருவிக்கு, கேட் அடாப்டரின் 5 வோல்ட்டுக்கு; கேட்டிலிருந்து தரைக்கு ஒரு ரெசிஸ்டர். அடாப்டர் இருக்கும்போது கேட் உயர்ந்து நிற்பதால் மாஸ்ஃபெட் மூடியிருக்கும். செல் நிறைந்திருந்தாலும் சரி, கால்வாசி இருந்தாலும் சரி, அடாப்டருக்குத்தான் முன்னுரிமை. அடாப்டர் போனால் ரெசிஸ்டர் கேட்டைக் கீழே இழுக்கும், மாஸ்ஃபெட் திறக்கும். திறந்தபின் அதன் தடை 0.1 ஓமுக்கும் குறைவு. கால் ஆம்பியரில் இழப்பு 25 மில்லிவோல்ட்டைத் தாண்டாது. முக்கால் வோல்ட் எங்கே, இது எங்கே! ஏஎம்எஸ்1117 கேட்கிற 4.3 வோல்ட்டை மட்டும் நிறைந்த செல்லாலும் தர முடியாது, அந்த ரெகுலேட்டரை மாற்றத்தான் வேண்டும். மைக்ரோசிப் நிறுவனம் தன் லித்தியம் சார்ஜர் சிப்புகளுக்காக வெளியிட்ட வடிவமைப்புக் குறிப்பில் இதே அமைப்பு இருக்கிறது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்தால் அது இன்னொரு "இரண்டு டயோடு" ஆகிவிடும். நான் அதிகம் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். முதலாவது, திசை. மாஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே ஒரு டயோடு இருக்கிறது. பழக்க தோஷத்தில் சோர்ஸைப் பேட்டரிக்கும் டிரெயினைக் கருவிக்கும் வைத்தால், அந்த உள்டயோடு வழியாக அடாப்டரின் மின்சாரம் சார்ஜரின் கட்டுப்பாடு இல்லாமல் நேராக லித்தியம் செல்லுக்குள் போகும். கருவி ஓடும், ஒன்றும் தெரியாது. செல் மட்டும் நாள்தோறும் வதைபடும். காய்ந்த தழையும் மூங்கில் தட்டும் உள்ள மனையில் அந்த ஆபத்தை யாரும் ஏற்கக் கூடாது.

இரண்டாவது, அந்தச் சின்ன ரெசிஸ்டர். புழக்கத்தில் உள்ள படங்களில் அது ஒரு லட்சம் ஓம். அடாப்டர் நுழையும் இடத்தில் வழக்கமாக ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கும். அடாப்டர் போனபின் அந்தக் கெப்பாசிட்டரை வடிக்க வேண்டியது இந்த ரெசிஸ்டர். லட்சம் ஓமை 10 மைக்ரோஃபாரடால் பெருக்கினால் ஒரு வினாடி. அந்த ஒரு வினாடியின் பெரும்பகுதி மாஸ்ஃபெட் சரியாகத் திறக்காமல் உள்டயோடு வழியாகத்தான் மின்சாரம் வரும். நாம் தவிர்க்க நினைத்த அதே வோல்டேஜ் இழப்பு, மோசமான நேரத்தில். வெயிலில் இன்னும் கேடு. ஷாட்கி டயோடு சூடேறச் சூடேறப் பின்பக்கமாகக் கசியும். தகரக் கூரைக்கு அடியில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், சித்திரை மாத மதியத்தில் அந்தக் கசிவு 50 மைக்ரோஆம்பியரை எட்டினால், லட்சம் ஓமில் அது 5 வோல்ட்டைத் தூக்கக்கூடிய அளவு. கேட் கீழே இறங்கவே இறங்காது, மாஸ்ஃபெட் திறக்கவே திறக்காது. குளிர்ந்த ஆய்வகத்தில் பாஸான சுற்று ஏப்ரலில் ஃபெயிலாவதற்கு இதுவே காரணமாகலாம். ரெசிஸ்டரைப் பத்தாயிரம் ஓமாகக் குறைத்தால் கசிவு அரை வோல்ட்டைத்தான் தூக்கும். கெப்பாசிட்டர் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வடியும். அடாப்டர் இருக்கும்போது அரை மில்லிஆம்பியர் வீணாகும், அவ்வளவுதான். ஒரு ரெசிஸ்டரின் அளவு மாறினால் சுற்றின் குணமே மாறுகிறது என்றால், "எந்தப் படமாக இருந்தாலும் ஓடும்" என்ற அலட்சியத்துக்கு இங்கே இடம் எங்கே?

இந்தத் தொந்தரவுகளே வேண்டாம் என்பவர்களுக்கு இதற்கென்றே சிப்புகள் இருக்கின்றன. எல்டிசி4412 ஒரு வெளி மாஸ்ஃபெட்டை வைத்துக்கொண்டு 20 மில்லிவோல்ட் இழப்பில் டயோடாக நடந்துகொள்ளும். எல்எம்66100 தானே ஒரு முழுமையான, இழப்பு மிகக் குறைந்த டயோடு. தருமபுரியில் இவை கைக்குக் கிடைக்காது, சேலத்திலும் தேட வேண்டியிருக்கும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ தபால் வழியாகவோ வாங்கலாம். மாஸ்ஃபெட் வழி எல்லாக் கைக்கும் எட்டும் என்பதால் அதை முன்னால் வைத்தேன்.

சார்ஜர் பக்கமும் ஒரு தவறு வழக்கமாகிவிட்டது. டிபி4056 மாட்யூலில் செல்லை இணைத்து, அந்தச் செல்லிலிருந்தே கருவியையும் ஓட்டுகிறார்கள். 1 ஆம்பியருக்கு அமைத்த டிபி4056, மின்னோட்டம் அதில் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 100 மில்லிஆம்பியருக்கு இறங்கினால்தான் "செல் நிறைந்தது" என்று முடிவு செய்து நிறுத்தும். கருவியே 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த முடிவு வருவதே இல்லை. செல் மாதக்கணக்கில் 4.2 வோல்ட்டில் நிறுத்தி வைக்கப்படும், சீக்கிரம் வலுவிழக்கும். மேலே சொன்ன மாஸ்ஃபெட் அமைப்பு இதையும் தீர்க்கிறது: அடாப்டர் இருக்கும்போது கருவி செல்லைத் தொடுவதே இல்லை.

இதே போன்ற சார்ஜ் தவறு கடிகார மாட்யூல்களிலும் உண்டு, அவை எல்லார் மேசையிலும் இருக்கின்றன. இசட்எஸ்-042 என்று அச்சிட்ட டிஎஸ்3231 மாட்யூலில் 200 ஓம் ரெசிஸ்டரும் ஒரு டயோடும் வழியாகக் காசு பேட்டரிக்கு சார்ஜ் போகிறது. அதில் நாம் மாட்டுவது சார்ஜ் செய்யக் கூடாத சிஆர்2032. 5 வோல்ட்டில் ஓட்டினால் அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

இனி, இரண்டு டயோடால் எந்தக் காலத்திலும் செய்ய முடியாத ஒன்று. கரண்ட் போனது என்று கருவிக்குத் தெரிய வேண்டும். டயோடு வைத்த கருவிக்குத் தான் எதில் ஓடுகிறோம் என்பதே தெரியாது. அதனால் அது எதையும் குறைத்துக்கொள்ளாது. அடாப்டர் பக்கத்திலிருந்து இரண்டு ரெசிஸ்டர் வழியாக ஒரு பின்னுக்கு இணைப்பு கொடுத்தால் போதும். கரண்ட் போன கணத்தில் நிரல் முதலில் ரிலேக்களை விடும். ஒரு ரிலேவின் காயில் 70 மில்லிஆம்பியர் குடிக்கிறது, இரண்டுக்கு 140. ஓட ஃபாகரே இல்லாதபோது அதைப் பிடித்து வைத்து என்ன பயன்? பிறகு மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருப்பதை முடிக்கும், வைஃபையை அணைக்கும், செய்தியை அனுப்பும், தூங்கப் போகும். பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை நிறுத்துகிற ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இஎஸ்பி32க்கு 80, ரிலேக்களுக்கு 140 என்று விழித்தபடியே இருந்தால் ஐந்து மணி நேரத்தில் 1100 மில்லிஆம்பியர்-மணி போய்விடும். ரிலேக்களை விட்டாலே அது 400 ஆகிறது. தூங்கத் தெரிந்த கருவிக்கு இன்னும் பல மடங்கு குறையும். பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு இது.

எதிர்க் கேள்விகள் எனக்குத் தெரியும். "வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பது முதலாவது. வீட்டில் இருக்கிறது, தோட்டத்து மனையில் இல்லை. இருந்தாலும், 5 வோல்ட்டில் ஒரு வாட்டை ஒட்டி இழுக்கிற கருவிக்காக 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மறுபடி 5 ஆக்குவதில் இன்வெர்ட்டர் தனக்கே குடிக்கிற மின்சாரம் கருவியைவிட அதிகம். "பவர் பேங்க் போதுமே" என்பது அடுத்தது. குறைந்த மின்னோட்டம் போனால் போன் நிறைந்துவிட்டது என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தானே அணைந்துவிடும். தூங்குகிற கருவிக்கு அது எமன். சார்ஜ் ஒயரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் கணநேரம் வெளியீட்டை நிறுத்துகிறவையும் உண்டு.

"எளிமையாக இருப்பதுதான் நம்பகமானது" என்று மூத்தவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்கூட. டயோடு பொருந்துகிற இடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் தேவைக்கு மேல் தாராளமாக வோல்டேஜ் இருந்து, அடாப்டர் எப்போதும் பேட்டரியைவிட உயர்ந்து நின்று, கருவிக்கு முன் ஒரு நல்ல பக் கன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு டயோடு தாராளமாகப் போதும். 15 வோல்ட் அடாப்டர், 12 வோல்ட் பேட்டரி என்றால் நானும் அதைத்தான் போடுவேன். அதைவிட எளிமையும் இருக்கிறது: மாற்றும் சுற்றே இல்லாமல் விடுவது. தொலைபேசி நிலையங்கள் 48 வோல்ட் பேட்டரியை லைனோடு நிரந்தரமாக மிதக்கவிட்டுத் தலைமுறைகளாக ஓடின. கரண்ட் போனால் அங்கே எதுவும் மாறுவதில்லை, சார்ஜர் நிற்கிறது, அவ்வளவே. லெட் ஆசிட் பேட்டரியை 13.6 வோல்ட்டை ஒட்டி மிதக்கவிட்டு, கருவியின் சுமையையும் சேர்த்துத் தாங்குகிற சார்ஜர் வைத்தால் புழு மனைக்கும் அது நல்ல வழி. நான் எதிர்ப்பது, எந்த செல், எவ்வளவு சுமை, எந்த ரெகுலேட்டர் என்று கேட்காமலே ஒரே படத்தை எல்லாவற்றுக்கும் ஒட்டுவதை.

விலையைச் சொல்லித் தப்பவும் முடியாது. ஒரு மாஸ்ஃபெட், ஒரு ஷாட்கி, மூன்று ரெசிஸ்டர் சேர்ந்து ஒரு டீ, ஒரு வடை காசுக்குள் அடங்கும். இழக்கப்போவது ஒரு தொகுதிப் புழுவும், அதற்குப் போட்ட தழையும், இருபத்தைந்து நாள் உழைப்பும்.

"இது வெறும் மாணவர் புராஜெக்ட்தானே, ஓடிக் காட்டினால் போதாதா" என்பதுதான் கடைசித் தடுப்பு, அதுதான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அறிக்கையின் தலைப்பில் விவசாயி என்ற சொல் இருக்கிறது. கருவி ஒருநாள் அவர் மனைக்குப் போகிறது. ஆகவே மதிப்பீடு செய்கிற ஆசிரியர்களிடம் என் கோரிக்கை இது. பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லாதீர்கள். அந்தச் சோதனையில் தவறான சுற்றும் தேறிவிடும். மின் இயந்திர ஆய்வகத்து ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் அடாப்டரைச் செருகி, 230இலிருந்து ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு கீழே இறக்குங்கள், அதே நிதானத்தில் ஏற்றுங்கள். செல் நிறைந்திருக்கும்போது ஒருமுறை, 3.4 வோல்ட்டில் ஒருமுறை. பெட்டியை மூடி, வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கருவியின் கடிகாரம் ரீசெட் ஆகாமல் ஓடியதா, செய்தி உங்கள் போனுக்கு வந்ததா என்று பாருங்கள். வராத கருவியை மாணவரிடமே திருப்பிக் கொடுத்து, எந்த வோல்டேஜில் எது நின்றது என்று அளந்து எழுதி வரச் சொல்லுங்கள். அதன் பிறகு மதிப்பெண் போடலாம்.